விலை நம் நாணயத்தில், கட்டணம் மட்டும் ஏன் வெளிநாட்டுக்கு?

கேள்வி: எனக்கு ஒரு விமான டிக்கெட்டை ஏர்லைனின் சொந்த இணையதளத்திலேயே எடுத்தேன். விலையை எங்கள் நாட்டு நாணயத்தில்தான் காட்டினார்கள்: 50,000. கார்டில் பிடித்ததும் அதே 50,000தான். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் அடுத்த வரியிலேயே 'வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம்' என்று 1,500 தனியாக நிற்கிறது. சில நாள் கழித்து, வெளிநாட்டில் இருக்கும் அம்மா இங்கே வந்து போவதற்காக 600 யூரோவில் இன்னொரு டிக்கெட் எடுத்தேன். பணம் கட்டும் பக்கத்தில் 'உங்கள் நாணயத்திலேயே கட்டலாம்' என்று வந்தது. கட்டணம் மிச்சமாகும் என்று நினைத்து அதை அழுத்தினேன். அன்று ஒரு யூரோ 100தான். ஆனால் 62,400 பிடித்துவிட்டு, அதற்கு மேல் 1,872 கட்டணமும் போட்டிருக்கிறார்கள். வங்கியைக் கேட்டால் ஏர்லைனைக் கேட்கச் சொல்கிறார்கள், ஏர்லைனைக் கேட்டால் வங்கியைக் காட்டுகிறார்கள். இந்தப் பணம் யாருக்குப் போனது? திரும்பக் கிடைக்குமா? அடுத்த முறை என்ன செய்வது?

பதில்:

உங்கள் இரண்டு டிக்கெட்டிலும் நடந்தது வேறு வேறு. முதலாவதில் ஒரு கட்டணம்தான் போயிருக்கிறது. இரண்டாவதில் இரண்டு பேர் தனித்தனியாக எடுத்திருக்கிறார்கள், அதில் ஒருவரை நீங்கள் தடுத்திருக்க முடியும்.

முதல் டிக்கெட்டைப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் நினைப்பது, வேறு நாணயத்தில் செலவு செய்தால்தான் இந்தக் கட்டணம் வரும் என்று. பல வங்கிகள் அப்படி எழுதுவதில்லை. கார்டின் கட்டணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'வெளிநாட்டு நாணயத்தில் நடக்கும் அல்லது வெளிநாட்டு வணிகரிடம் நடக்கும் பரிவர்த்தனைகளுக்கு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உங்களிடம் 1,500 வாங்கியது அந்த 'அல்லது'தான். நீங்கள் கட்டியது நம் நாணயம், ஆனால் விற்றவரின் கணக்கு வேறு நாட்டில்.

கார்டில் பணம் போகும் வழியில் இரண்டு வங்கிகள் உண்டு. ஒன்று உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. மற்றது வியாபாரிக்காகப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் வங்கி. இரண்டுக்கும் நடுவில் விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நெட்வொர்க். வியாபாரி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறார் என்பது ஒவ்வொரு பரிவர்த்தனையோடும் ஒரு நாட்டுக் குறியீடாகச் சேர்ந்தே போகிறது. அந்தக் குறியீடும் உங்கள் கார்டு வழங்கப்பட்ட நாடும் ஒத்துப்போகவில்லை என்றால், நெட்வொர்க்கைப் பொறுத்தவரை அது எல்லை தாண்டிய பரிவர்த்தனை. தொகை எந்த நாணயத்தில் இருந்தாலும் அப்படித்தான். இதற்காக நெட்வொர்க் உங்கள் வங்கியிடம் சுமார் 1 சதவீதம் வாங்கும். வங்கி அதன் மேல் தன் பங்கைச் சேர்த்து மொத்தம் 2 முதல் 3.5 சதவீதம் வரை உங்களிடம் வாங்கும். உங்கள் கார்டில் அது 3 சதவீதம் என்பது கணக்கிலேயே தெரிகிறது: 50,000க்கு 1,500.

விமான டிக்கெட்டில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் ஏர்லைன்கள் விற்கும் முறை. பல ஏர்லைன்கள் இணையதளத்தில் டஜன் கணக்கான நாடுகளுக்கு அந்தந்த நாணயத்தில் விலை காட்டும். ஆனால் அத்தனை நாட்டிலும் வசூல் கணக்கு வைத்திருக்காது. தலைமையகம் இருக்கும் நாட்டிலோ இன்னும் ஒன்றிரண்டு இடங்களிலோ மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அங்கே வசூலிக்கும். பக்கம் உங்கள் மொழியில் இருக்கலாம், உள்ளூர் தொலைபேசி எண்கூட இருக்கலாம். இணைய முகவரி உங்கள் நாட்டுக் குறியீட்டில் முடிகிறது என்பதாலும் எதுவும் உறுதியாகிவிடாது.

ஆன்லைன் டிக்கெட் ஏஜென்சிகளிடம் எடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். சில ஏஜென்சிகள் முழுத் தொகையையும் தங்கள் பெயரிலேயே வசூலிக்கும். சில உங்கள் கார்டு விவரத்தை அப்படியே ஏர்லைனுக்கு அனுப்பி, டிக்கெட் பணத்தை ஏர்லைனே பிடிக்க வைத்துவிட்டு, தங்கள் சேவைக் கட்டணத்தை மட்டும் தனியாக எடுக்கும். அப்போது ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரி வரும். ஒன்று உள்நாட்டுப் பரிவர்த்தனையாகவும் மற்றது வெளிநாட்டுப் பரிவர்த்தனையாகவும் இருக்கலாம். யார் பிடித்தார்கள் என்று கண்டுபிடிக்க இ-டிக்கெட்டில் இருக்கும் 13 இலக்க எண்ணைப் பாருங்கள். அதன் முதல் மூன்று இலக்கம் ஏர்லைனைக் குறிக்கும்: 098 ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 603 ஸ்ரீலங்கன், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஏர்லைன் நேரடியாகப் பிடித்த தொகை என்றால் ஸ்டேட்மென்ட் வரியில் பெரும்பாலும் ஏர்லைனின் பெயரும் இந்த எண்ணும் இருக்கும். ஏஜென்சியின் பெயர் இருந்தால் பணம் அவர்கள் கணக்குக்குப் போயிருக்கிறது, நாடு எது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது அம்மாவின் டிக்கெட். விலை ஏன் யூரோவில் வந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். சர்வதேச விமானக் கட்டணம் பொதுவாகப் பயணம் எங்கே தொடங்குகிறதோ அந்த நாட்டின் நாணயத்தில்தான் விலை சொல்லப்படும். டிக்கெட் வாங்குபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது இதில் வராது. பல நாட்டு நாணயங்களில் உள்ள கட்டணங்களை ஒன்றாகக் கூட்டுவதற்கென்று சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 'என்.யூ.சி' என்ற பொது அலகை 1989 முதல் வைத்திருக்கிறது. டிக்கெட்டின் கட்டண விவர வரியில் அந்த மூன்று எழுத்தையும், அதன் அருகே ஆர்.ஓ.இ. என்ற மாற்று விகிதத்தையும் பார்க்கலாம். அம்மாவின் பயணம் யூரோ புழங்கும் நாட்டில் தொடங்குவதால் விலை யூரோவில் வந்தது. அதுவரை எல்லாம் முறைப்படிதான்.

அதற்குப் பிறகு வந்த 'உங்கள் நாணயத்திலேயே கட்டலாம்' என்ற வரிக்குக் கார்டு துறையில் டிசிசி என்று பெயர். நாணய மாற்றத்தை உங்கள் வங்கியிடம் விடாமல் வியாபாரியின் பக்கமே செய்துவிடும் ஏற்பாடு அது. கார்டு எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் எந்த வங்கி, எந்த நாடு என்று சொல்லிவிடும். அதனால்தான் எண்ணைத் தட்டி முடித்த மறு நொடியில் யூரோ மறைந்து உங்கள் நாணயம் வந்து நிற்கும். பல பக்கங்களில் அது ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டே இருக்கும். 'உறுதியான விலை', 'பிறகு மாறாது' என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். விலை மாறாது என்பது உண்மைதான். அந்த உறுதிக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும்.

உங்கள் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 600 யூரோ, 100 வீதம் 60,000. உங்களிடம் பிடித்தது 62,400. வித்தியாசம் 2,400, அதாவது 4 சதவீத மார்க்அப். இது வியாபாரியின் பக்கம் போனது: மாற்றத்தைச் செய்த நிறுவனம், வசூலித்த வங்கி, ஏர்லைன் ஆகியோர் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். அதன் பிறகும் வியாபாரி வெளிநாட்டுக்காரர் என்பது மாறவில்லை. அதனால் உங்கள் வங்கி 62,400க்கு 3 சதவீதம் போட்டு 1,872 எடுத்தது. ஆக மொத்தம் 64,272. யூரோவிலேயே விட்டிருந்தால் நெட்வொர்க் விகிதத்தில் சுமார் 60,000, அதற்கு 3 சதவீதம் 1,800, மொத்தம் ஏறக்குறைய 61,800. அந்த ஒரு அழுத்தலுக்கு 2,472 கொடுத்திருக்கிறீர்கள். கட்டணத்தைத் தவிர்க்கத்தான் அழுத்தினீர்கள், ஆனால் கட்டணமும் தவிரவில்லை. இதை எண்ணி வருந்த வேண்டாம். அந்தப் பக்கத்தை வடிவமைப்பதே அப்படித்தான்.

எல்லா நேரமும் டிசிசி நஷ்டமா என்றால், இல்லை. உங்கள் கார்டு நாணயம் மாறினால் மட்டும் கட்டணம் வாங்கும் வகையாக இருந்து, அந்தக் கட்டணம் 3.5 சதவீதமாகவும் டிசிசி மார்க்அப் 2.5 சதவீதமாகவும் இருந்தால் டிசிசியே மலிவு. ஆனால் அவ்வளவு குறைந்த மார்க்அப் அபூர்வம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தங்கள் தளத்தில் நாணயக் கணிப்பான் வைத்திருக்கின்றன. தேதி, இரண்டு நாணயம், உங்கள் வங்கியின் கட்டணச் சதவீதம் மூன்றையும் கொடுத்தால் யூரோவில் விட்டால் எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடும். பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பிரவுசரின் இன்னொரு டேப்பில் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. ஒரு விஷயம்: பரிவர்த்தனை உங்கள் வங்கிக்கு வந்து முறைப்படி பதிவாகும் நாளின் விகிதம்தான் பெரும்பாலும் கணக்கில் வரும். அதனால் ஓரிரு நாள் ஏற்ற இறக்கம் இருக்கும். அது அரை சதவீதத்துக்குள் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

பேபால் மாதிரியான கணக்கு வழியாகக் கட்டினாலும் இதே கதைதான். நாணய மாற்றத்தை அவர்களே தங்கள் மார்க்அப்போடு செய்துவிடுவார்கள். கார்டு வங்கியே மாற்றட்டும் என்று தேர்வு செய்யும் இடம் பணம் உறுதி செய்யும் பக்கத்தில் இருக்கிறது. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஏர்லைனிடம் 1,500ஐயும் 1,872ஐயும் கேட்டுப் பயனில்லை. அந்தத் தொகைகள் அவர்கள் கையில் போகவில்லை, உங்கள் வங்கி போட்டவை. வங்கி உங்களை ஏர்லைனிடம் அனுப்பியது தவறு. கட்டணம் போட்டவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படி எழுத்தில் கேளுங்கள்:

'இன்ன தேதியில் நடந்த 50,000 பரிவர்த்தனை என் நாட்டு நாணயத்திலேயே நடந்தது. இதற்கு 1,500 வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் போடப்பட்டிருக்கிறது. வணிகரின் நாட்டுக் குறியீடு எது, எந்த விதியின் கீழ் கட்டணம் போடப்பட்டது, பரிவர்த்தனையின் ஏ.ஆர்.என். எண் என்ன என்று தெரிவிக்கவும். வணிகரின் இணையதளத்தில் இது வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று எங்கும் சொல்லப்படவில்லை. இந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருகிறேன்.'

ஏ.ஆர்.என். என்பது ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனையையும் தனியாக அடையாளம் காட்டும் 23 இலக்க எண். அதில் 2 முதல் 7 வரையான இலக்கங்கள் வசூலித்த வங்கியின் அடையாளம். இந்த எண்ணைக் கேட்டாலே உங்கள் கடிதம் பொது வரிசையிலிருந்து கார்டு பிரிவுக்குப் போய்விடும், அதற்காகவே கேளுங்கள். நாட்டுக் குறியீடு வெளிநாடு என்றும், கட்டண விதியில் அந்த 'அல்லது' இருக்கிறது என்றும் ஆகிவிட்டால் சட்டப்படி அவர்கள் பக்கம்தான் பலம். ஆனாலும் நெடுநாள் வாடிக்கையாளர், முதல் தடவை என்றால் பல வங்கிகள் ஒருமுறை நல்லெண்ணமாகத் திருப்பித் தருவது உண்டு. சண்டை போடாமல், ஆனால் விடாமல் கேளுங்கள். விதியில் நாணயம் பற்றி மட்டும் எழுதியிருந்தால் நிலைமையே வேறு. 50,000 நம் நாணயத்தில் நடந்தது, அதற்குக் கட்டணம் போட வழியே இல்லை. அப்போது கோரிக்கையாக வைக்காமல் புகாராகவே எழுதுங்கள்.

4 சதவீத மார்க்அப்பான 2,400 வேறு வகை. டிசிசி விருப்பத்தின் பேரில்தான் நடக்க வேண்டும் என்பது கார்டு நெட்வொர்க்குகளின் விதி. இரண்டு நாணயத்திலும் தொகை, மாற்று விகிதம், வேண்டாம் என்று சொல்லும் வழி ஆகியவற்றை வியாபாரி காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஏடிஎம்மிலும் விற்பனை இடத்திலும் இப்படி மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பணம் செலுத்தியதற்காக உங்களுக்கு வந்த மெயிலைத் திறந்து பாருங்கள். விகிதமும் 'நான் தேர்வு செய்தேன்' என்ற வாசகமும் அதில் இருந்தால் வாதாட இடம் குறைவு. அவை இல்லாமல், தேர்வே கொடுக்காமல் மாற்றிவிட்டார்கள் என்றால் வங்கியில் தகராறு பதியலாம். விசாவில் இதற்கான காரணக் குறியீடு 12.3, 'தவறான நாணயம்' என்ற தலைப்பு. மாஸ்டர்கார்டில் 4834. நெட்வொர்க் தரும் கெடு விசாவில் 120 நாள். உங்கள் வங்கியின் சொந்தக் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால் இந்த வாரமே பதியுங்கள். நீங்களே அழுத்தினேன் என்று எழுதியிருப்பதால் பெரிய நம்பிக்கை தர மாட்டேன், ஆனால் மெயிலைப் பார்க்காமல் விட்டுவிடவும் வேண்டாம்.

இப்படிப்பட்ட கட்டணங்களைப் போதுமான அளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது பழைய குறை. அமெரிக்காவில் இதுவும் சேர்ந்த ஒரு கூட்டு வழக்கில் விசா, மாஸ்டர்கார்டு, சில பெரிய வங்கிகள் ஆகியவை 2006இல் 33.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அடுத்த முறைக்கு வருவோம். டிக்கெட்டைத் தேடுவதற்கு முன்பே வங்கியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: 'என் கார்டில் கட்டணம் நாணயம் மாறினால் மட்டுமா, வணிகர் வெளிநாட்டில் இருந்தாலுமா?' உதவி எண்ணில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'நம் நாணயத்தில் கட்டினால் கட்டணம் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறகு ஏர்லைன் தளத்தில் நாடு தேர்வு செய்யும் இடத்தில் உங்கள் நாடு இருக்கிறதா என்று பாருங்கள். விதிமுறைப் பக்கத்தில் 'பணம் இன்ன நாட்டில் வசூலிக்கப்படும்' என்ற வரி இருக்கும், இல்லையென்றால் சாட்டில் கேளுங்கள். உள்ளூர் வங்கிப் பரிமாற்றம், உள்ளூர் வாலெட் மாதிரியான வழிகளைத் தளம் ஏற்றுக்கொண்டால் அதுவே நல்லது. அவை எல்லை தாண்டுவது அபூர்வம். ஏர்லைனின் உள்ளூர் அலுவலகத்திலோ உள்ளூர் கணக்கு வைத்திருக்கும் ஏஜென்டிடமோ எடுத்தாலும் கட்டணம் வராது, ஆனால் அவர்களின் சேவைக் கட்டணம் 3 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கட்டணமே இல்லாத கார்டுகளும் உண்டு. ஆண்டுக் கட்டணம் 3,000 என்றால், உங்கள் இப்போதைய 3 சதவீதத்தோடு ஒப்பிடும்போது வருடம் 1,00,000க்கு மேல் வெளிநாட்டு வணிகர்களிடம் செலவழித்தால்தான் அது லாபம். இந்த இரண்டு டிக்கெட்டிலேயே நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அந்தக் கார்டிலும் டிசிசியை ஏற்றுக்கொண்டால் மார்க்அப் போகத்தான் செய்யும். அந்தக் கார்டு, வங்கியின் கட்டணத்தைத்தான் தடுக்கும், வியாபாரியின் மாற்று விகிதத்தைத் தடுக்காது.

பணம் கட்டியதும் வங்கியின் எஸ்.எம்.எஸ்ஸையோ ஆப்பில் 'நிலுவையில்' நிற்கும் வரியையோ உடனே பாருங்கள். வணிகர் பெயருக்குப் பின்னால் ஊரும், கடைசியில் இரண்டு அல்லது மூன்றெழுத்து நாட்டுக் குறியீடும் பெரும்பாலும் இருக்கும். ஏ.இ. என்றால் ஐக்கிய அரபு அமீரகம், எஸ்.ஜி. என்றால் சிங்கப்பூர், ஐ.இ. என்றால் அயர்லாந்து. கட்டணம் அப்போது தெரியாது, பரிவர்த்தனை பதிவான பிறகுதான் வந்து விழும். நாட்டைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பல ஏர்லைன்கள் வாங்கிய அன்றைக்கே ரத்து செய்தால் முழுப் பணமும் தரும். அமெரிக்காவுக்குப் போகும் அல்லது அங்கிருந்து கிளம்பும் விமானம் என்றால், புறப்படக் குறைந்தது 7 நாள் இருக்கும்போது ஏர்லைனிடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டுக்கு 24 மணி நேரம் அபராதமில்லாமல் ரத்து செய்யவோ விலையைப் பிடித்து வைக்கவோ ஏர்லைன் வழி தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. பணம் பதிவாவதற்கு முன் ரத்தாகிவிட்டால் கட்டணமும் எழாது. பதிவான பிறகு ரத்தானால்தான் சிக்கல். டிக்கெட் பணம் வரும், ஆனால் முதலில் போட்ட வெளிநாட்டுக் கட்டணத்தைப் பல வங்கிகள் திருப்பித் தருவதில்லை. வேறு நாணயம் என்றால் திரும்பி வருவதும் அன்றைய விகிதத்தில்தான்.

இதனால்தான், அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு யூரோவில் மறுபடி எடுக்கலாமா என்று தோன்றினால் வேண்டாம் என்கிறேன். ரத்து அபராதமும் இன்னொரு 1,800ம் சேர்ந்தால் 2,472ஐவிட அதிகமாகப் போய்விடும். தேதி மாற்றவோ கூடுதல் லக்கேஜ் வாங்கவோ வேண்டியிருந்தால் அதே தளம் அதே கேள்வியைக் கேட்கும். கார்டு எண்ணைத் தட்டி முடித்ததும் நாணயத்தைப் பார்த்து, யூரோவுக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள்.